விதையும் எங்களது, அறிவும் எங்களது – ராயல்டி மட்டும் யாருக்கு?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகைச் சாகுபடியாளர்களே! விவசாயத் தொழிலாளர்களே! தாய்மார்களே! படித்த இளைஞர்களே!



நம் வட்டத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் முகாம் நடந்தது அனைவரும் அறிந்ததே. முகாமுக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் கோயில் நிலத்தில் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் குத்தகை செய்பவர். அவர் அப்பாவும் அதே நிலத்தில் உழுதவர்தான். கையில் குத்தகை ரசீதுக் கட்டு, ஆதார் அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். மேசையில் இருந்த பையன் நல்ல பையன்தான். பொறுமையாகவே சொன்னான்: “ஐயா, பட்டா நம்பர் போட்டாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும். உங்க பேர்ல பட்டா இல்லை.” பெரியவர் வெளியே வந்து நம் சங்கத் தோழர்களிடம் சொன்னார்: “கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் விவசாயியே இல்லையாம் தம்பி. அப்ப இத்தனை வருஷம் நான் என்ன வேலைதான் பார்த்தேன்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பிரசுரத்தை எழுதுகிறோம். ஏனென்றால் அவரை வெளியே நிறுத்தியது ஒரு பையனோ ஒரு கம்ப்யூட்டரோ அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. அந்தக் கொள்கைக்கு ஒரு அழகான பெயரும் இருக்கிறது: ‘அறிவுப் பொருளாதாரம்’!

அறிவுப் பொருளாதாரம் என்றால் என்ன?

உலக வங்கி 1998-99ஆம் ஆண்டுக்கான தனது உலக வளர்ச்சி அறிக்கையை ‘வளர்ச்சிக்கான அறிவு’ என்ற தலைப்பிலேயே வெளியிட்டது. ஏழை நாடு பணம் இல்லாததால் மட்டும் ஏழையாக இல்லை, அறிவு இல்லாததாலும் ஏழையாக இருக்கிறது என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 2005ல் தேசிய அறிவு ஆணையம் அமைத்தார்கள். நிலம், உழைப்பு, இயந்திரம் எல்லாம் பழைய மூலதனம், இனி அறிவுதான் மூலதனம், அறிவில் முந்துகிற நாடுதான் முன்னேறும் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து இன்று வரை எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தப் பல்லவி மட்டும் மாறவில்லை.

நாம் அறிவுக்கு எதிரிகளா? இல்லை! நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தாலியை அடகு வைத்தவர்கள் நாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற பணத்தில்தான் பல வீடுகளில் கூட்டுறவுக் கடன் தவணை கட்டப்படுகிறது, நடவுக்கூலி கொடுக்கப்படுகிறது. கம்ப்யூட்டர் வேண்டாம், செல்போன் வேண்டாம் என்று சொல்கிற கூட்டம் இல்லை நம் சங்கம்.

நாம் கேட்பது வேறு. அறிவு யாருடையது? அதை யார் தந்தார்கள்? அதற்கு வேலி போட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பது யார்?

வளர்ச்சி யாருக்கு?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு (2023-24) சொல்வதன்படி நாட்டில் வேலை செய்வோரில் நூற்றுக்கு 46 பேர் இன்னமும் விவசாயத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் நாட்டின் மொத்த வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐ.டி. துறை கொடுத்திருக்கும் நேரடி வேலை அரைக் கோடிப் பேருக்குச் சற்று மேல். 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் இது எத்தனை பேர் வயிற்றுக்குப் போதும்? அந்த வேலைக்கும் இன்று உத்தரவாதம் இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நம் பிள்ளைகளின் வயிற்றிலும் புளியைக் கரைத்திருக்கிறது.

விவசாயக் குடும்பத்தின் நிலை என்ன? 2018-19ல் அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் சாகுபடியில் கிடைத்தது வெறும் 3,798 ரூபாய். கூலி வேலையில் கிடைத்தது 4,063 ரூபாய். அதாவது, சொந்த வயலில் வந்ததைவிட அடுத்தவர் வேலைக்குப் போய் வந்தது அதிகம்! விவசாயி என்று பெயர், வாழ்வது கூலியில்.

இதுதான் அறிவுப் பொருளாதாரம் என்று இருபது வருஷத்துக்கு மேலாக முழங்கியதன் பலன். மேலே ஒரு மாடி கட்டினார்கள். ஆனால் கீழே இருப்பவன் மேலே ஏற மாடிப்படி கட்டவில்லை.

நம்மிடம் எடுத்து நமக்கே விற்றார்கள்

காயத்துக்கு மஞ்சள் தடவுவது நம் பாட்டிக்குத் தெரியாதா? 1995ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள்! காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்துவது அங்கே உள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கண்டுபிடிப்பாம். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்குப் போட்டது. பழைய சமஸ்கிருத நூலையும், இந்திய மருத்துவ சங்க இதழில் 1953ல் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டி வாதாடித்தான் 1997ல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்ய வைத்தார்கள்.

வேம்பு? பயிரில் பூஞ்சாண நோயைத் தடுக்க வேப்பெண்ணெய் தெளிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994ல் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் சேர்த்துக் காப்புரிமை கொடுத்தது. 1995ல் தொடங்கிய எதிர்ப்பு, 2000ல் காப்புரிமை ரத்து, மேல்முறையீடு தள்ளுபடியானது 2005ல். பத்து வருஷம்! நம் வீட்டு வாசலில் நிற்கிற மரம் நம்முடையது என்று நிரூபிக்கப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது.

மஞ்சள் வழக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாட்டி சொன்னதால் ஜெயிக்கவில்லை. அச்சில், ஏட்டில் இருந்ததால் ஜெயித்தோம். எழுதி வைக்காத அறிவை அந்தச் சட்டம் அறிவாகவே மதிக்கத் தயங்குகிறது. நம் வயல்களில் இருக்கிற அறிவில் எழுதி வைத்தது எவ்வளவு? எந்த மேட்டு வயலுக்கு எந்த நெல், எந்தப் பட்டத்தில் உளுந்து தெளிப்பது, எந்தக் காற்று அடித்தால் மழை வரும் – இதற்கெல்லாம் எந்த நூலைக் காட்டுவது?

அறிவு எப்படி வளர வேண்டும்? நெல்லே சாட்சி!

அறிவு வளர வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நல்ல வழியில் வளர்ந்ததற்கு நம் வயலே சாட்சி.

நம் டெல்டாவில் சி.ஆர்.1009 சப்-1 நெல் எல்லோருக்கும் தெரியும். சம்பாவில் வெள்ளம் வந்து பத்துப் பன்னிரண்டு நாள் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்த்து வரும். அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளக்கால் வயல்களில் காப்பாற்றி வைத்திருந்த நாட்டு நெல்லில் இருந்து வந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்துக்கு எப்.ஆர்.13ஏ என்று பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஆராய்ந்து, அந்த நெல்லைக் காப்பாற்றும் மரபணு எது என்பதை 2006ல் வெளியிட்டார்கள். 2009ல் ஸ்வர்ணா சப்-1 நம் நாட்டு விவசாயி கைக்கு வந்தது. அதற்குப் பின் நம் சி.ஆர்.1009லும் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒடிசா விவசாயியின் அறிவு, விஞ்ஞானியின் அறிவு, பொதுப் பணம் – மூன்றும் சேர்ந்தன. ராயல்டி கேட்டு யாரும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. ஒருவர் மகசூல் எடுத்தார், பக்கத்து வயல்காரருக்கு மரக்கால் கணக்கில் விதை கொடுத்தார், அப்படியே ஊர் முழுக்கப் பரவியது. இதுவும் அறிவுப் பொருளாதாரம்தானே? இதை ஏன் மேடையில் பேச மாட்டேன் என்கிறார்கள்?

இன்னும் பின்னால் போவோம். நம் அப்பன்மார் காலத்தில் டெல்டா முழுக்க விளைந்த ஐ.ஆர்.20ன் தாய் தகப்பனில் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.கே.எம்.6. தண்டு துளைப்பானைத் தாங்கும் குணம் அதிலிருந்துதான் போனது. 1980களில் உலகத்தில் சுமார் ஒரு கோடி ஹெக்டேரில் பயிரான ஐ.ஆர்.36க்குக் குட்டை நோயைத் தாங்கும் சக்தி கொடுத்தது உத்தரப் பிரதேசத்தில் எடுத்த காட்டு நெல். உலகத்துக்கு இந்தியா கொடுத்தது இது. ஒரு ரூபாய் ராயல்டி கேட்டோமா? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டோம்! பசிக்கு வேலி போடுவது நம் பழக்கம் இல்லை.

ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்?

பருத்தி விதை சொன்ன பாடம்

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். காய்ப்புழுவே வராது என்றார்கள். ஆரம்பத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. சாதாரண வீரிய விதை சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த காலம் அது. மிச்சப் பணத்தில் பெரும்பங்கு எதற்கு? விதைக்குள் இருக்கும் ஒரு மரபணுவுக்கு, அதாவது ‘அறிவுக்கு’ ராயல்டி!

2006ல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போனது. பாக்கெட் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. கம்பெனி திவாலாகிவிட்டதா? இல்லை. 2015 டிசம்பரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2016ல் ராயல்டி 49 ரூபாய், 2018ல் 39, 2019ல் 20, 2020ல் பூஜ்யம்! அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அத்தனை வருஷம் வாங்கியது வாங்கியதுதான். அதைத் திருப்பிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

புழு என்ன ஆனது? இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யைத் தாங்க ஆரம்பித்ததை 2009-10லேயே குஜராத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்த தலைமுறை பி.டி.யையும் அது ஜெயித்தது. 2017ல் மகாராஷ்டிரத்தில் பருத்தி வயல்களைச் சூறையாடியது. நம் பகுதியில் நெல் தரிசில் கோடைப் பருத்தி போடும் விவசாயிகளுக்கும் இந்தப் புழுவை நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அறிவுக்குக் காசு வாங்கினார்களே, அறிவு தோற்றபோது காசைத் திருப்பிக் கொடுத்தார்களா? மருந்துக் கடை பில் மட்டும்தான் நமக்கு மிச்சம்.

உருளைக்கிழங்கு விதைத்தவன் மேல் கோடி ரூபாய் கேஸ்!

2019 ஏப்ரலில் குஜராத் மாநிலம் சாபர்காந்தா பகுதியில் நாலு விவசாயிகள் மேல் பெப்சி நிறுவனம் வழக்குப் போட்டது. சிப்ஸுக்கு என்று தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிர் செய்துவிட்டார்களாம். ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கேட்டது! சில ஏக்கர் நிலம் வைத்திருக்கிற விவசாயி, ஏழேழு ஜென்மம் உழைத்தாலும் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்ப்பானா?

நாடெங்கும் விவசாய அமைப்புகள் கொதித்தெழுந்தன. மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். நம் நாட்டில் 2001ல் நிறைவேறிய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கலாம். பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சட்டம் போராடிப் பெற்றது. இதைப் பலவீனப்படுத்தி ‘யூபோவ் 1991’ என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்குள் நம்மைத் தள்ள, வர்த்தக ஒப்பந்தங்கள் பேசும்போதெல்லாம் பணக்கார நாடுகள் நெருக்குகின்றன. உஷாராக இருக்க வேண்டும்.

அந்த உருளைக்கிழங்கு ரகத்தின் பதிவை 2021 டிசம்பரில் ரகப் பாதுகாப்பு ஆணையமே ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதியும் அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை நீக்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் படுத்தால் மறுநாளே தோற்போம் என்பதற்கு இது பாடம்.

2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்றுக்கு அடிப்படை நாம் எல்லோரும் பயிர் செய்கிற பி.பி.டி.5204. உருவாக்கியது அரசு நிறுவனம்தான், மகிழ்ச்சி. ஆனால் மரபணுவை வெட்டித் திருத்தும் அந்தக் ‘கத்தரிக்கோல்’ தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள் கையில் இருக்கின்றன. நாளைக்கு விதை வியாபாரத்துக்கு வரும்போது உரிமத் தொகை யார் கட்டுவது? அது நம் தலையில் விடியுமா விடியாதா? எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டு விதையை வெளியிடட்டும்!

நம் ஊரில் நடந்தது

வெளியூர்க் கதை போதும். போன சம்பாவில் நம் வட்டத்தில் என்ன நடந்தது? வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீல அட்டை போட்ட சான்று விதை தட்டுப்பாடு. “அடுத்த லோடு வரும்” என்றார்கள், வரவில்லை. நாற்று விடும் பருவம் தவறிவிடும் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கடையில் ஒரு தனியார் கம்பெனியின் உண்மைநிலை விதையை வாங்கி விதைத்தன. எழுபதாம் நாளுக்கு மேல் பார்த்தால், ஒரே வயலில் ஒரு பக்கம் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிறது, இன்னொரு பக்கம் இன்னும் பொதி கட்டவே இல்லை. கலப்பு விதை! முன்னால் முற்றியதை எலியும் குருவியும் தின்றன. பின்னால் வந்ததை அறுவடை இயந்திரம் பச்சையாக அறுத்தது. கொள்முதல் நிலையத்தில் பச்சை நெல் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், “அண்ணே, கம்பெனிக்குப் போன் போடுங்க” என்றார். கம்பெனிக்குப் போட்டால் ஒரு செயலியில் புகார் பதியச் சொன்னார்கள். பதிந்தோம். ‘உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வந்தது. இன்று வரை அவ்வளவுதான் வந்திருக்கிறது! அதிகாரிகள் பார்க்க வந்தபோது வயலில் தாள்தான் நின்றது.

இதுதான் நம் பங்குக்கு வந்த அறிவுப் பொருளாதாரம். முன்பு ஊர் ஊராக வரப்பில் நடந்து வந்து பயிரைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேளாண் அலுவலர் இருந்தார். இன்று ஒருவருக்கே பல ஊர்கள். காலியிடங்களை நிரப்பாமல், ‘எல்லாம் செல்போனில் இருக்கிறது’ என்கிறார்கள். செல்போன் பூச்சியின் படத்தைக் காட்டும். மதகில் தண்ணீர் வராததைப் பார்க்குமா? கலப்பு விதைக்குச் சாட்சி சொல்லுமா?

நம் விவரமும் நம் சொத்துதான்

இப்போது நம் விவரத்தையே சரக்காக்கி விட்டார்கள். 2021 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டு 6 மாநிலங்களில் 100 கிராமங்களில் முன்னோட்டம் என்று அறிவித்தது. 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் என்பது இலக்கு. யாரிடம் எத்தனை மா நிலம், என்ன பயிர் எல்லாம் ஒரே இடத்தில்! தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு 2024ல் வேளாண் கல்லூரி மாணவ மாணவியரை வயலில் இறக்கினார்கள்.

விவரம் சேகரிப்பதை எதிர்க்கவில்லை. வெள்ள நிவாரணம் சரியான ஆளுக்குப் போக விவரம் தேவைதான். ஆனால் முகாமில் என்ன நடந்தது? “ஓ.டி.பி. வந்திருக்கா, சொல்லுங்க” – அவ்வளவுதான். இந்த விவரம் நாளை யார் கைக்குப் போகும், கடன் கம்பெனிக்குப் போகுமா, விதைக் கம்பெனிக்குப் போகுமா, மறுக்க நமக்கு உரிமை உண்டா என்று ஒரு தாளில் எழுதித் தமிழில் கொடுத்தார்களா? இல்லை.

அதைவிடக் கொடுமை, இந்தக் கணக்கின் அஸ்திவாரமே பட்டா. நம் டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம் குத்தகைக்குச் செய்பவர்கள் எத்தனை பேர்! 1955ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் – இரண்டும் இந்தத் தமிழ் மண்ணில் ரத்தம் சிந்திப் பெற்றவை. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்காரர் பெயர் இன்னமும் பதிவேட்டில் ஏறவில்லை. பி.எம்.கிசான் பணமும் நிலம் தன் பேரில் உள்ள குடும்பத்துக்குத்தான். நாளைக்கு உரம், பயிர்க் காப்பீடு, நிவாரணம், கொள்முதல் எல்லாம் இந்த எண்ணோடு கட்டப்பட்டால் உழுகிறவன் வெளியே, ஊரில் இல்லாத நிலக்காரர் உள்ளே! மண்ணின் அறிவு எவனிடம் இருக்கிறதோ அவனை விவசாயி இல்லை என்று சொல்கிறது இந்த அறிவுப் பொருளாதாரம்.

கொரியாவைப் பார் என்கிறார்களே!

இதையெல்லாம் சொன்னால், படித்தவர்கள் உடனே தென்கொரியாவைக் காட்டுவார்கள். “நம்மைப் போல் ஏழையாக இருந்த நாடு, அறிவால் முன்னேறியது பாருங்க” என்பார்கள். சரி, பார்ப்போம்!

தென்கொரியா முதலில் என்ன செய்தது? 1949ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டது. ஒரு குடும்பத்துக்கு 3 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. மீதி நிலம் உழுதவன் கைக்குப் போனது. ஒன்றரை வருஷ விளைச்சலின் மதிப்பு விலை, அதையும் ஐந்து வருஷத் தவணையில் கட்டினால் போதும். நிலம் கிடைத்தவன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினான். பின்னர் அரசு விவசாயியிடம் அதிக விலைக்கு நெல் வாங்கி நகரத்துக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. 1970களில் பொது ஆராய்ச்சியில் பிறந்த புது நெல்லைப் பரப்பி அரிசியில் தன்னிறைவு கண்டது. கம்ப்யூட்டரும் செல்போனும் உலகச் சந்தைக்கு அனுப்பியது அதற்குப் பின்னால்! அங்கே சர்வாதிகாரம் இருந்தது, தொழிலாளி அடி வாங்கினான், அதை நாம் பாராட்டவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் நிலம், பிறகு பள்ளி, கட்டுபடியான விலை, பொது ஆராய்ச்சி, கடைசியில் அறிவுப் பொருளாதாரம். சீனத்திலும் 1978க்குப் பின் முதலில் உயர்ந்தது கிராமத்து வருமானம்தான். நம் ஆட்சியாளர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொண்டு வந்து பாடம் நடத்துகிறார்கள்.

இன்றைக்கும் தென்கொரியா தன் வருமானத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 ரூபாயை ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது. சீனம் இரண்டரை ரூபாய்க்குப் பக்கத்தில். இந்தியா? 2020-21 கணக்குப்படி 64 பைசா! இதை வைத்துக் கொண்டா உலகக் குரு ஆவது? சொந்த ஆராய்ச்சிக்குக் காசு போடாதவன் அடுத்தவன் அறிவுக்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும். அறிவுசார் சொத்துக்கு என்று ஆண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறது. நமக்கு வருவதோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பால் கறப்பது நாம், தயிர்க்குக் காசு கொடுப்பதும் நாம்!

நம் தவறையும் ஒப்புக்கொள்வோம்

தோழர்களே, எல்லாப் பழியையும் அடுத்தவர் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் வீட்டுக் குதிரில் விதை இருந்த காலம் போய், இன்று பாக்கெட்டுக்குக் கடை வாசலில் நிற்கிறோமே, அதை யார் செய்தது? கதிர் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, நொச்சித் தழை போட்டு விதை கட்டி வைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்களை ‘விவசாயி’ என்று நாமே சொன்னதில்லை. சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டதில்லை. அந்த அறிவு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து சொன்னபோது கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்து, இரண்டு கிலோ வாங்கினால் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு என்று விதைத் திருவிழா நடத்தினார். காப்புரிமை இல்லை, ராயல்டி இல்லை, வாக்குத்தான் ஒப்பந்தம். அவர் 2018ல் மறைந்தார். நம்மில் எத்தனை பேர் வாங்கினோம், வாங்கியவர்களில் எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தோம் என்று மனசாட்சியைக் கேட்டுக் கொள்வோம்.

இனியாவது ஊருக்கு ஒரு விதைக் குதிர் அமைப்போம். எந்த ரகம், யாரிடம் இருந்து வந்தது, எந்த வயலில் எப்படி விளைந்தது என்று நோட்டுப் போட்டு எழுதுவோம். எழுதாத அறிவை எவனும் தூக்கிப் போவான் என்பதை மஞ்சளும் வேம்பும் காட்டிவிட்டன. எழுதும் வேலைக்குப் படித்த இளைஞர்களே, நீங்கள் வர வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் அறிவை உங்கள் ஊருக்குக் கொஞ்சம் கொடுங்கள்.

எமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. கோயில் நிலம், மடத்து நிலம், வாய்மொழிக் குத்தகை உட்பட உழுகிற அனைவருக்கும் கிராமசபை சான்றின் பேரில் விவசாயி அடையாள எண் வழங்கு! அதுவரை எண் இல்லை என்று உரம், காப்பீடு, நிவாரணம், கொள்முதல் எதையும் மறுக்காதே!

2. எங்கள் நில, பயிர் விவரங்களை எங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எந்தத் தனியாருக்கும் கொடுக்காதே! யாருக்குக் கொடுத்தாய் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

3. போன சம்பாவில் கலப்பு விதையால் பாதிக்கப்பட்ட நம் வட்டத்து விவசாயிகளுக்கு உடனே இழப்பீடு பெற்றுத் தா! 1966 விதைச் சட்டத்தை மாற்ற 2004லும் 2019லும் 2025லும் வரைவுகள் வந்தன. எந்தச் சட்டம் வந்தாலும் விதை பொய்த்தால் 30 நாளில் விவசாயி கையில் இழப்பீடு என்ற பிரிவு வேண்டும். விதை பொய்த்த விவசாயி நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2012ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் உழுகிறவனை வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய விடுவது நியாயமா?

4. 2001ஆம் ஆண்டு விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் கை வைக்காதே! எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் யூபோவ் 1991க்குச் சம்மதிக்காதே!

5. வேளாண் ஆராய்ச்சிக்கு நிதியை உயர்த்து! ஆடுதுறை போன்ற அரசு ஆராய்ச்சி நிலையங்களில் காலியிடங்களை நிரப்பு! ஊருக்கு வந்து வயலைப் பார்க்கும் வேளாண் அலுவலரை நியமி!

6. சான்று விதையைப் பருவத்துக்கு முன்பே கூட்டுறவுச் சங்கம் மூலம் இருப்பு வை!

7. ஊர் விதைக் குதிர்களுக்கு நிதி கொடு! அதில் பெண்களுக்குப் பாதிப் பொறுப்பு கொடு!

தோழர்களே!

குஜராத் விவசாயி மேல் போட்ட கேஸை ஒரு மாதத்தில் வாபஸ் வாங்க வைத்தது யாருடைய கருணையும் இல்லை. பருத்தி விதை ராயல்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்ததும் தானாக நடந்ததில்லை. மூன்று வேளாண் சட்டங்களை 2021ல் திரும்பப் பெற வைத்தது டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்த விவசாயிதான். வீட்டில் உட்கார்ந்து புலம்பினால் செயலியில் போட்ட புகார் மாதிரிதான் ஆகும்.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு காத்திருப்புப் போராட்டம். பட்டா இல்லாத குத்தகைச் சாகுபடியாளர்கள் குத்தகை ரசீதைக் கையோடு எடுத்து வாருங்கள். கலப்பு விதையால் பாதிக்கப்பட்டவர்கள் விதைப்பை, அட்டை, கடை ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். லாட் நம்பர் அதில்தான் இருக்கிறது. பெண்கள் குடும்பத்தோடு வாருங்கள். மதியச் சாப்பாடு சங்கம் ஏற்பாடு செய்யும். அரிசி கொடுக்க விரும்புகிறவர்கள் முதல்நாளே கிளைச் செயலாளர்களிடம் கொடுங்கள்.

அந்தக் கோயில் நிலத்துப் பெரியவர் முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் விவசாயியா இல்லையா என்று வட்டாட்சியர் நேரில் வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்!

உழுபவனே விவசாயி! விதைப்பவனுக்கே விதை!

விவசாயிகள் – விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர், வட்டக் குழுவுக்காக
விவசாயிகள் சங்கம்